பள்ளிக்கூடத்தில் பிறந்த கராத்தே

மாலை நேரத்தில் பள்ளி மைதானத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும் கராத்தே வகுப்பைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. வெள்ளைச் சீருடை, இடுப்பில் நிற நிறமாக பெல்ட், வரிசையாக நிற்கும் பிள்ளைகள், 'இச், நி, சான்' என்று மாஸ்டர் எண்ண எண்ண ஒரே நேரத்தில் காற்றில் பாயும் குத்துகள். இது எப்போது தோன்றியது என்று கேட்டால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு என்பார்கள். காஞ்சிபுரத்தில் தொடங்கியது என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு.

இந்தக் காட்சியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது. வரிசையில் நின்று எண்ணிக்கைக்குக் குத்துவது 1901க்குப் பிறகு வந்த வழக்கம். சீருடை 1922ஐ ஒட்டியது. கராத்தேயில் முதல் கறுப்பு பெல்ட் கொடுக்கப்பட்டது 1924இல். கோஜு ரியூ, ஷிடோ ரியூ போன்ற பிரிவுப் பெயர்கள் 1930களில் நிலைபெற்றன. அதற்கு முன்பும் ஒகினாவாவில் கை கால் கொண்டு சண்டையிடும் கலை இருக்கத்தான் செய்தது. ஆனால் இன்று உலகம் முழுவதும் கற்றுக்கொடுக்கப்படுவது, நாட்டை இழந்த ஒரு சிறு சமூகத்தின் பள்ளி ஆசிரியர்கள் சுமார் நாற்பது ஆண்டுகளில் வெட்டி ஒட்டித் தைத்துக் கொடுத்த வடிவம். கராத்தேயைப் பற்றிய பெரும்பாலான குழப்பங்கள் இந்த ஒரு செய்தியை மறப்பதால் வருபவை.

கப்பல்கள் கொண்டுவந்தது

கியூஷு தீவுக்கும் தைவானுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ரியூக்யூ. அவற்றில் பெரியது ஒகினாவா. நீளம் சுமார் நூறு கிலோமீட்டர். இன்று ஜப்பானின் ஒரு மாகாணமான அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தனி மொழியும் தனி மன்னரும் கொண்ட அரசு. 1372இல் சீனத்தின் மிங் பேரரசுக்குத் திறை செலுத்தத் தொடங்கியதும் அதற்குப் பெரிய கடல் வணிக வாய்ப்பு திறந்தது. ரியூக்யூக் கப்பல்கள் சீனப் பொருள்களை ஏற்றிக்கொண்டு சயாம், ஜாவா, மலாக்கா வரை போயின. பதினைந்தாம் நூற்றாண்டின் மலாக்கா துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். ரியூக்யூக் கப்பல்களும் அதே துறையில்தான் நங்கூரம் பாய்ச்சின. நமக்கும் ஒகினாவாவுக்கும் பழைய உறவு ஒன்று வேண்டுமென்றால் இந்த வணிகத்தில் தேடலாம். சண்டைக் கலையில் தேடினால் கைக்கு எதுவும் அகப்படாது.

கராத்தேக்கு முக்கியமான கடல்வழி, தென்சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்துக்குப் போனது. 1392 முதல் ஃபூஜியனிலிருந்து வந்த சீனக் குடும்பங்கள் நாஹா துறைமுகத்தின் அருகே குமே என்ற குடியிருப்பில் வசித்தன. கப்பல் கட்டுவதும், சீன அரசுக்கு ஓலை எழுதுவதும், மொழிபெயர்ப்பதும் அவர்கள் வேலை. மறுபக்கம் ஃபூசோ நகரில் ரியூக்யூக்காரர்கள் தங்குவதற்கென்றே ஒரு விடுதி இருந்தது. திறை கொண்டுபோன அதிகாரிகளும் படிக்கப் போன இளைஞர்களும் அங்கே மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். ஃபூஜியன் தென்சீனக் கைச்சண்டை முறைகளுக்குப் பெயர்போன இடம். வெள்ளைக் கொக்கு முறை அங்குதான் வளர்ந்தது. குறுகிய நிலை, வயிற்றிலிருந்து எழும் மூச்சு, நெருங்கி நின்று பிடித்து அடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். சான்சின், செய்சான் என்று இன்றும் கராத்தேயில் உள்ள கட்டாக்கள் பலவற்றின் வேர் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தது.

கட்டா என்பது அசைவுகளின் கோவை. எதிரி இருப்பதாக வைத்துக்கொண்டு அடி, தடுப்பு, திருப்பம், உதை எல்லாம் குறித்த வரிசையில் செய்வது. நம் சிலம்பத்தில் ஆட்ட வரிசைகள் இருப்பதால் இதை விளங்கிக்கொள்வதில் நமக்குச் சிரமம் இல்லை. எழுதிவைக்காத காலத்தில் ஒரு கலையைக் கெடாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்த இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

ஒகினாவாக்காரர்கள் தங்கள் கலையைச் சுருக்கமாக 'கை' என்றார்கள். சீனத்திலிருந்து வந்ததைச் 'சீனக் கை' என்றார்கள். இரண்டும் எப்போது, எந்த அளவில் கலந்தன என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. ஆனால் ஒரே ஓர் அருமையான சாட்சியம் தப்பியிருக்கிறது. 1762இல் ரியூக்யூக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஜப்பானின் தோசா பகுதிக் கரையில் ஒதுங்கியது. அங்கிருந்த அறிஞர் ஒருவர் கப்பலில் இருந்த அதிகாரிகளிடம் ரியூக்யூவைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டு எழுதிவைத்தார். கூஷான்கூ என்ற சீனர் தங்கள் தீவுக்கு வந்து சண்டைக் கலையைக் காட்டியதாக அவர்கள் சொன்ன செய்தி அதில் இருக்கிறது. எதிரியின் மார்புச் சட்டையைப் பற்றுவது, கால்களைக் கத்தரிபோல் இட்டு ஆளை வீழ்த்துவது என்று வர்ணனை போகிறது. இன்று நாம் கராத்தே என்று நினைக்கும் தூர நின்று குத்தும் விளையாட்டு அதில் எங்கும் தென்படவில்லை. பிடியும் வீழ்த்தலும்தான் கண்ணில் படுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விவசாயிகள் கதையும் காஞ்சிபுரம் கதையும்

மிகப் பரவலான கதை இது: 1609இல் ஜப்பானின் சாத்சுமா படை ஒகினாவாவைப் பிடித்தது, ஆயுதங்களைப் பறித்தது, வெறுங்கையரான விவசாயிகள் இரவில் மறைந்து பயிற்சி செய்து, கவசமணிந்த சாமுராய்களைக் கையால் அடித்து வீழ்த்தினார்கள். சினிமாவுக்கு ஏற்ற கதை. வரலாற்றில் உள்ளது இதன் முதல் வரி மட்டும். சுமார் 3,000 வீரர்களுடன் சாத்சுமா வந்தது உண்மை, மன்னரைக் கைதியாகக் கொண்டுபோனதும் உண்மை. ஆனால் அதன்பின் கலையைப் பயின்றவர்கள் யார் என்று பெயர் பெயராகப் பார்த்தால் விவசாயிகள் வருவதில்லை. அரண்மனைக் காவலர்கள், எழுத்தர்கள், சிற்றதிகாரிகள், பிரபு வீட்டுப் பிள்ளைகள்தாம் வருகிறார்கள். பகல் முழுவதும் கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவனுக்குச் சீன ஆசிரியரைத் தேடிப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய ஆசான் மாட்சுமுரா சோகோன் கடைசி மன்னர்களின் மெய்க்காவலர். அவர் ஃபூசோவுக்கும் போனார்; சாத்சுமாவுக்குப் போய் அங்கே ஜிகென் வாள் முறையையும் கற்றுவந்தார். ஆக்கிரமித்தவனின் வாளை ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் மெய்க்காவலர் முறைப்படி கற்றிருக்கிறார். ரகசிய எதிர்ப்பு இயக்கம் என்ற கதைக்குள் இந்த மனிதரை எங்கே உட்கார வைப்பது?

ஆயுதமற்ற தீவு என்ற பெயர் பரவ ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் காரணம். 1816இல் ஒகினாவாவில் சில வாரங்கள் தங்கிய கப்பல் தலைவர் பேசில் ஹால், திரும்பும் வழியில் செயிண்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனைச் சந்தித்து, அங்கே ஆயுதமே இல்லை என்று சொன்னார். ஆயுதம் இல்லாமல் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று நெப்போலியன் வியந்து கேட்டாராம். விருந்தாளிக்கு ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டும் அரசு எது? ஹால் கண்டது அவருக்குக் காட்டப்பட்டதை மட்டும்.

இனி காஞ்சிபுரம். போதிதர்மர் பல்லவ இளவரசர், ஷாவோலின் மடத்தில் சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தார், அதுவே குங்ஃபூவாகிக் கராத்தேயானது என்று நம் இளைஞர்களில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு 547ஐ ஒட்டிய சீன நூலில் இருக்கிறது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அவருடைய மரபைச் சேர்ந்த மற்றொரு பழைய முன்னுரை, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. ஆகவே தென்னிந்தியர் என்பதற்கு இடம் உண்டு. ஆனால் இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் யாருக்கும் குத்தோ உதையோ கற்றுக்கொடுக்கவில்லை. ஷாவோலின் துறவிகள் 621இல் போரில் உதவியதைப் பேசும் கல்வெட்டிலும் அவர் அந்த வகையில் வருவதில்லை. அவரைத் தசைப் பயிற்சி நூல் ஒன்றோடு முடிச்சுப் போடுவது 1624 தேதியிட்ட ஒரு நூல். அதன் முன்னுரை டாங் காலத் தளபதி எழுதியதுபோல் புனையப்பட்ட போலி. ஷாவோலின் சண்டைக் கலையின் தந்தை என்ற பட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன நாவல்கள், ஜனரஞ்சக நூல்கள் வழியாகத்தான் பரவியது. சீன வரலாற்றாளர் டாங் ஹாவ் 1930இலேயே இதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுவிட்டார்.

போதிதர்மர் பெரிய மனிதர். அவரது தியான மரபு கிழக்காசியா முழுவதையும் மாற்றியது. அந்தப் பெருமை போதாது என்று குத்துச்சண்டைப் பெருமையையும் அவர் தலையில் ஏற்றுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கராத்தே தரப்பிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல இதோசு என்ற ஒகினாவா ஆசானிடம் போக வேண்டும்.

இதோசுவின் கடிதம்

1879இல் ஜப்பான் ரியூக்யூ அரசை ஒழித்துக்கட்டியது. கடைசி மன்னர் ஷோ தாய் டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அரண்மனையை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஊதியம் நின்றது. மெய்க்காவலருக்குக் காக்க மன்னர் இல்லை, எழுத்தருக்கு எழுத ஓலை இல்லை. ஆண்கள் கொண்டை போடுவது அந்த வகுப்பின் அடையாளம். அதை வெட்டுவதா வேண்டாமா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்தது. 1868இல் ரியூக்யூவின் தலைநகர் ஷூரியில் பிறந்த ஃபுனாகோஷி கிச்சின் மருத்துவப் பள்ளித் தேர்வில் தேறியும் கொண்டையை எடுக்கக் குடும்பம் சம்மதிக்காததால் சேர முடியவில்லை. பிறகு கொண்டையை வெட்டிக்கொண்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியரானார். வெட்டிய தலையோடு வீட்டுக்குப் போனபோது கிடைத்த வரவேற்பைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்.

பெருநில ஜப்பானியர்கள் ஒகினாவாக்காரர்களை நாட்டுப்புறத்தாராக, பாதி அந்நியராகப் பார்த்தார்கள். 1903இல் ஒசாகா கண்காட்சியில் மனிதர்களைக் காட்சிக்கு வைத்த கூடாரத்தில் ஒகினாவாப் பெண்களும் இருந்தார்கள். ஒகினாவாப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை மாட்டும் தண்டனை நெடுங்காலம் இருந்தது. வேறொரு பிள்ளை தாய்மொழி பேசி மாட்டிக்கொள்ளும் வரை அந்தப் பலகை இறங்காது.

இந்தப் பள்ளிகளுக்குள்தான் கராத்தே நுழைந்தது. நுழைத்தவர் இதோசு அன்கோ. 1831இல் பிறந்தவர், மாட்சுமுராவிடம் கற்றவர், ரியூக்யூ அரசில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1901இல் ஷூரி ஆரம்பப் பள்ளியிலும் சில ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கராத்தே உடற்பயிற்சிப் பாடமானது. 1908 அக்டோபரில் அவர் கல்வித் துறைக்குப் பத்து அம்சங்கள் கொண்ட கடிதம் எழுதினார். கராத்தேயின் வரலாற்றில் இதைவிட முக்கியமான காகிதம் இல்லை என்பது என் கருத்து.

கடிதத்தின் முதல் வரியே கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்தது அல்ல என்கிறது. காஞ்சிபுரத்தாருக்கு இதைவிட நேரான பதில் வேண்டுமா? இரண்டாவது அம்சத்தில் அவர், சிறுவயதிலேயே பயின்றால் உடல் இரும்பாகும், நாளைக்கு ராணுவத்துக்கு நல்ல வீரர்கள் கிடைப்பார்கள் என்கிறார். நெப்போலியனை வென்ற வெலிங்டன், அன்றைய வெற்றி பள்ளி மைதானத்தில் விளைந்தது என்று சொன்னதாக ஒரு மேற்கோளையும் சேர்க்கிறார். எழுபத்தேழு வயதான பழைய அரண்மனை எழுத்தர் ஐரோப்பியத் தளபதியைத் துணைக்கு அழைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அவருக்கு யாரிடம் பேசுகிறோம் என்பது நன்றாகத் தெரியும். டோக்கியோவுக்கு அப்போது வேண்டியது சிப்பாய்கள். தன் தீவின் கலை பிழைக்க வேண்டுமானால் அதை அந்தத் தேவைக்குள் பொருத்த வேண்டும்.

பொருத்துவதற்காக அவர் கலையை மாற்றினார். பழைய முறையில் ஆசானுக்கு இரண்டு மூன்று மாணவர்கள். இரவில், வீட்டு முற்றத்தில், ஒரே கட்டாவை ஆண்டுக்கணக்கில். நைஹான்சி வரிசையின் மூன்று கட்டாக்களில் மட்டும் பத்தாண்டு கழித்ததாக ஃபுனாகோஷி எழுதுகிறார். ஐம்பது பிள்ளைகள் கொண்ட வகுப்புக்கு அது ஆகாது. இதோசு பழைய நீண்ட கட்டாக்களைப் பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் ஐந்து 'பினான்' கட்டாக்களை அமைத்தார். கண்ணைக் குத்துவது, தொண்டையைப் பிடிப்பது போன்றவற்றுக்கான விரித்த கைகள் பல இடங்களில் மூடிய முட்டிகளாயின. ராணுவ உடற்பயிற்சிபோல் வரிசையும் எண்ணிக்கையும் வந்தன.

இடுப்புக்கு இழுக்கும் கை

இந்த மாற்றம் என்ன செய்தது என்பதை ஒரே ஓர் அசைவில் பார்த்துவிடலாம். கராத்தே வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, ஒரு கை முன்னே குத்தும்போது மற்றக் கை முட்டியை இறுக்கி, உள்ளங்கை மேல்நோக்க, இடுப்பை ஒட்டி இழுத்துக்கொள்வது. இதற்கு ஹிகிதே என்று பெயர். எந்தக் குத்துச்சண்டைப் பயிற்சியாளரிடமாவது இதைக் காட்டிப் பாருங்கள், தலையில் அடித்துக்கொள்வார். முகத்தைக் காக்க வேண்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவன் அடுத்த நொடியில் தரையில் கிடப்பான்.

'எதிர்விசை, குத்துக்கு வேகம் கூடும்' என்று பல மாஸ்டர்கள் விளக்கம் சொல்வார்கள். பழைய ஒகினாவா முறைகளில் பயின்றவர்கள் சொல்லும் விளக்கம் வேறு: அந்தக் கை வெறுங்கையாகத் திரும்பி வரவில்லை. எதிரியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பற்றி, திருகி, இடுப்புக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. இழுபட்டவன் நிலை தடுமாறி முன்னால் சாயும்போது மறுகை அவன் மேல் விழுகிறது. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புவதும் அந்தத் திருகலால்தான். 1762இல் கப்பலில் வந்தவர்கள் சட்டையைப் பற்றுவதைப் பற்றித்தானே முதலில் சொன்னார்கள்?

வரிசையில் நிற்கும் ஐம்பது பிள்ளைகளுக்கு எதிரே ஆள் இல்லை. பற்றுவதற்குக் கை இல்லை. ஆகவே இழுக்கும் அசைவு தங்கியது; எதை இழுக்கிறோம் என்பது மறைந்தது. 'கீழ்த் தடுப்பு', 'மேல் தடுப்பு' என்று நாம் சொல்லும் பல அசைவுகளுக்கும் இதே கதிதான். அவற்றில் சில, கையை முறித்து ஆளை மண்டியிடச் செய்யும் பிடிகளாக இருந்திருக்கலாம் என்று அந்த வழியில் வந்தவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். பார்க்கும்போது நியாயமாகவே இருக்கிறது. இதோசுவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. எந்த அசைவை எந்தச் சூழலில் பயன்படுத்துவது என்பதை ஆராய்ந்து பயிலச் சொல்லும் அம்சமும், வாய்மொழியாக வருபவை பல உண்டு என்ற குறிப்பும் அந்தக் கடிதத்திலேயே இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கழுத்து முறிக்கக் கற்றுக்கொடுக்க எந்தக் கல்வித் துறையும் ஒப்பாது. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். பின்னால் வந்தவர்கள் பள்ளிப் பாடத்தை முழுக் கலை என்று எடுத்துக்கொண்டதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நாஹா பக்கத்துக் கலைக்கும் இதேபோல் ஒன்று நேர்ந்தது. ஃபூசோ சென்று கற்றுவந்த ஹிகாஓன்னா கான்ரியோ சான்சின் கட்டாவை விரித்த கைகளோடு செய்தார். அவர் மாணவர் மியாகி சோஜுன் காலத்தில் அது மூடிய முட்டிகளோடு செய்வதாக மாறியது. கோஜு ரியூ வகுப்புகளில் இன்று காணும் சான்சின் இதுதான். மூன்றடி முன்னே, திரும்பி, மறுபடி அடி. தொண்டை ஒலிக்க மூச்சு. ஆசான் பின்னால் நின்று தோளிலும் தொடையிலும் அறைந்து தசை இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்.

டோக்கியோவில்

1922 மே மாதம் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் டோக்கியோவில் உடற்பயிற்சிக் கண்காட்சி நடத்தியது. ஒகினாவா சார்பில் போனவர் ஃபுனாகோஷி. அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வந்த வேலை முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் திட்டம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் பயிற்சிக்கூடமான கோடோகானுக்கு அழைத்து, செய்துகாட்டச் சொன்னார். அதோடு ஃபுனாகோஷியின் பயணம் நீண்டது. ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதியில் இடம் கிடைத்தது. பகலில் காவலாளி, தோட்டக்காரன், அறை பெருக்குபவன், மாலையில் ஆசான். மனைவி முன்னோர் வழிபாட்டை விட்டுவிட்டு வர மறுத்து ஒகினாவாவிலேயே இருந்துவிட்டார்.

கானோ கராத்தேக்குக் கற்றுக்கொடுத்தது, ஒரு நாட்டுப்புறக் கலையை நகரத்து நடுத்தர வர்க்கம் ஏற்கும்படி எப்படி அடுக்கிவைப்பது என்பதை. ஜூடோவின் வெள்ளை உடை சற்று மெல்லிய துணியில் கராத்தே உடையானது. ஒகினாவாவில் அதுவரை அன்றாட உடையிலோ மேல்சட்டை இல்லாமலோதான் பயின்றார்கள். ஜூடோவின் 'தான்' எனப்படும் படிநிலையும் கறுப்பு பெல்ட்டும் வந்தன. 1924 ஏப்ரலில் ஃபுனாகோஷி முதல் கறுப்பு பெல்ட்டுகளை வழங்கினார். அதே ஆண்டில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கியது. பச்சை, நீலம், பழுப்பு என்ற இன்றைய பெல்ட் வானவில் இன்னும் பின்னால் வந்தது. தேர்வுக் கட்டணம் வசூலிக்க அது எவ்வளவு வசதி என்பது பெற்றோருக்குத் தெரியும்.

ஃபுனாகோஷி அடக்கமானவர், எழுத்தறிவாளர், கவிதை எழுதுபவர். போட்டிச் சண்டையே கூடாது என்பது அவர் கட்சி. அதற்கு நேர் எதிர் மோட்டோபு சோகி. ஷூரியின் பிரபு வீட்டு மூன்றாவது மகன்; தெருச் சண்டையில் பயின்று தேறியவர். 1920களில் கியோட்டோவில் மேல்நாட்டுக் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் சவால் விட, ஐம்பது வயதைக் கடந்த மோட்டோபு மேடையேறி அவரை ஒரே அடியில் படுக்கவைத்தார். 1925இல் லட்சக்கணக்கில் விற்ற 'கிங்கு' இதழ் இதைப் பெரிதாக வெளியிட்டது. ஓவியத்தில் வரையப்பட்ட முகம் மட்டும் ஃபுனாகோஷியுடையது! மோட்டோபு எரிச்சலடைந்ததில் வியப்பென்ன? இருவருக்கும் அதன்பின் ஆகவில்லை. டோக்கியோ பேச்சுவழக்கு சரளமாக வராத மோட்டோபு ஓரங்கட்டப்பட்டார்; ஆசிரியர் வேலை பார்த்துப் பழகிய ஃபுனாகோஷி 'நவீன கராத்தேயின் தந்தை' ஆனார்.

டோக்கியோவுக்கு உறுத்தியது ஒன்று மிச்சமிருந்தது. கராத்தே என்ற பெயரை எழுதும் முதல் எழுத்து சீனத்தைக் குறித்தது. சீனத்தோடு பகை முற்றிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஒலிப்பில் 'வெறும்' என்று பொருள்படும் எழுத்தை ஹனாஷிரோ சோமோ 1905இலேயே பயன்படுத்தியிருந்தார். 1936 அக்டோபர் 25 அன்று ஒகினாவாவின் செய்தித்தாள் ஒன்று நாஹாவில் மூத்த ஆசான்களைக் கூட்டியது. மியாகி, மோட்டோபு, கியான் சோதோகு, ஹனாஷிரோ எல்லோரும் வந்தார்கள். புதிய எழுத்தே இருக்கட்டும் என்று முடிவானது. அந்த நாளை ஒகினாவா மாகாணம் 2005 முதல் கராத்தே தினமாகக் கொண்டாடுகிறது. ஃபுனாகோஷி கட்டாக்களின் பெயர்களையும் மாற்றினார்: பினான் ஹெய்யான் ஆனது, கூஷான்கூ கான்கூ ஆனது. கலையில் இருந்த சீனக் கறையைத் துடைத்தால்தான் பேரரசின் பந்தியில் இடம். ஒகினாவாக்காரர்கள் இலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது தெரிந்ததே.

1945இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒகினாவாப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் தீவின் சாதாரண மக்கள். ஷூரி அரண்மனை தரைமட்டமானது. கியான் சோதோகு அந்த ஆண்டே மாண்டார். டோக்கியோவில் ஃபுனாகோஷியின் ஷோட்டோகான் பயிற்சிக்கூடமும் குண்டுவீச்சில் எரிந்தது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடலாம். 1972 வரை ஒகினாவா அமெரிக்கர் கையில் இருந்தது. முகாம்களில் சலித்துக்கிடந்த சிப்பாய்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொடுத்துக் கராத்தே கற்றுக்கொண்டு ஊருக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார்கள். ஜப்பானில் பல்கலைக்கழக மன்றங்களின் மாணவர்கள் பெரியவர்கள் சொல் கேளாமல் ஒருவரோடொருவர் மோதிப் பார்த்ததிலிருந்து போட்டிகள் பிறந்தன. 1957இல், ஃபுனாகோஷி இறந்த அதே ஆண்டில், ஜப்பான் கராத்தே சங்கம் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. 1970இல் டோக்கியோவில் உலகப் போட்டி வந்தது. கொரியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த ஓயாமா மாசுதாட்சு, அடி நிஜமாகவே விழ வேண்டும் என்று கியோகுஷின் பிரிவைத் தனியே நடத்தினார். நம் ஊர் ஆண்டு விழாக்களில் ஓடு உடைத்துக் காட்டும் வழக்கத்தில் அவருடைய சாயல் நிறையவே உண்டு.

புடோகானில் மூன்று நாள்

கராத்தே ஒலிம்பிக்ஸுக்குள் வந்தது ஒரே முறை. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ போட்டிகளில், புடோகான் அரங்கில், மூன்று நாள். கடைசி நாளின் ஆண்கள் கனரகப் பிரிவு இறுதியில் சவூதியின் தாரிக் ஹமீதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட உயரமான உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் கழுத்துப் பக்கம் விழுந்தது. கஞ்ச்சாதே நினைவிழந்து ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டார். நினைவு திரும்பியபோது தங்கம் அவருக்கு என்று சொன்னார்கள். அடி கட்டுப்பாட்டை மீறியதாக ஹமீதி தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

உலகம் கைகொட்டிச் சிரித்தது. சண்டையில் நினைவிழந்தவன் வெற்றியாளனா? விதியைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிர் இல்லை. உடலைத் தொடும் எல்லையில் அடியை நிறுத்துவதே இந்தப் போட்டியின் திறமை. பல்கலைக்கழக மாணவர்கள் மோதிக்கொள்ளத் தொடங்கிய காலத்தில் உயிர்ச்சேதம் வராமலிருக்கப் போட்ட வேலி அது. விதி சரியாகவே அமல்படுத்தப்பட்டது என்பேன். ஆனால் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவருக்கு அதை விளக்க முடியாத விளையாட்டு ஒலிம்பிக்ஸில் நிலைப்பது கடினம். இந்த உதையால்தான் கராத்தே வெளியேறியது என்று பலர் சொல்வது மட்டும் தவறு. பாரிஸ் போட்டிக்கான பட்டியலில் கராத்தே இல்லை என்பது 2019இலேயே வெளியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் 2028இலும் அதற்கு இடமில்லை.

அந்தக் கனரக இறுதிக்கு முந்தைய நாள் ஆண்கள் கட்டா இறுதி நடந்தது. ஸ்பெயினின் தமியான் கின்தேரோவை வென்று தங்கம் பெற்றவர் கியுனா ரியோ, ஒகினாவாவில் பிறந்து வளர்ந்தவர். ஒகினாவாக்காரர் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது. இறுதியில் அவர் செய்த ஓஹான் தாய், ரியூயெய் ரியூ என்ற மரபைச் சேர்ந்த கட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகைமா குடும்பத்தவர் ஒருவர் ஃபூசோவில் கற்றுவந்து, பல தலைமுறைகளாகக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருந்த மரபு அது. நகைமா கென்கோ 1970களில்தான் அதை வெளியாருக்குத் திறந்துவிட்டார். அப்படிக் கற்ற முதல் தலைமுறையைச் சேர்ந்த சகுமோட்டோ சுகுவோ மூன்று முறை உலகச் சாம்பியனானார். கியுனா அவருடைய மாணவர். பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் தொடாமல் எழுபது ஆண்டு தப்பித்த ஒரு வீட்டுக் கலை, கடைசியில் ஏழு நடுவர்கள் புள்ளி போடும் மேடைக்கு வந்து சேர்ந்தது. அன்றைய விதிப்படி நுட்பத்துக்கு எழுபது விழுக்காடு, உடல்திறனுக்கு முப்பது விழுக்காடு.